நரியைச் சுடும் உரிமை

மதுரையில் நரிகள் பரிகளாயின என்பது தமிழர் நெஞ்சில் நிலைத்த கதை. மாணிக்கவாசகர் வரலாற்றோடு பிணைந்த அத்திருவிளையாடலில், பகலில் குதிரைகளாய் நின்றவை இரவில் மீண்டும் நரிகளாகிக் காட்டுக்கு ஓடிவிடுகின்றன. இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே பரிமேல் ஏறிய செல்வர் நரியைத் துரத்தினர். நிலத்தில் நடந்த உழவர் அதைச் சுட எண்ணினர். நரி யாருக்குரியது, அதைக் கொல்லும் கருவி யார் கையில் இருக்கலாம் என்னும் இவ்வழக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவந்துள்ளது. அந்நாட்டுச் சிற்றூர்களின் துப்பாக்கி வரலாறு பெரிதும் இவ்வழக்கோடு பின்னிக் கிடக்கிறது.

துப்பாக்கி உரிமம் என்றவுடன் அலுவலகத் தாளும் முத்திரையும் நினைவுக்கு வருதல் இயல்பு. அத்தாளுக்குள் மறைந்திருப்பது ஒரே வினாதான். இம்மனிதனை நம்பலாமா என்பதே அவ்வினா. அதற்கு விடை காண ஒவ்வொரு காலமும் ஒவ்வோர் அளவுகோலைக் கையாண்டது. முதலில் நிலத்தை அளந்தனர். பின்னர்ப் பணத்தைக் கேட்டனர். ஆளப்பட்ட நாடுகளில் இனத்தைப் பார்த்தனர். இறுதியில் காரணத்தை வினவினர். இவ்வளவுகோல்கள் மாறிய வழியை நரியின் தடம்பற்றிச் சென்று காண்பது பயனுடையது.

நரித்தலைக்கு விலை

எலிசபெத் அரசியின் காலத்தில் நரி ஓர் எதிரி, அவ்வளவே. 1566-ஆம் ஆண்டில் தானியப் பாதுகாப்பிற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பயிருக்கும் கால்நடைக்கும் ஊறு செய்வன எனக் கருதப்பட்ட பறவைகளும் விலங்குகளும் அச்சட்டத்தில் வரிசையாக எண்ணப்பட்டன. அவற்றின் தலைகளைக் கொண்டுவந்து காட்டுவோர்க்கு ஊர்த் தேவாலயத்தின் கணக்கிலிருந்து பரிசுப்பணம் வழங்க வேண்டும் என்பது விதி. நரித்தலை ஒன்றுக்குப் பன்னிரண்டு பென்சு. அக்காலக் கூலியாளின் ஒருநாள் ஊதியத்தைவிட அது மிகுதி. இங்கிலாந்தின் பழைய தேவாலயக் கணக்கேடுகள் பலவற்றில் மெழுகுவர்த்திச் செலவுக்கும் மணிக்கயிற்றுச் செலவுக்கும் இடையே நரித்தலைச் செலவும் எழுதப்பட்டிருக்கக் காணலாம்.

இக்காலத்தில் யார் கொன்றார், எக்கருவியால் கொன்றார் என்ற வினா எழவில்லை. வலை, பொறி, தடி, வில் எதுவாயினும் சரி. தலை வந்தால் காசு உண்டு. நரியைக் கொல்லுதல் ஊருக்குச் செய்யும் பணி எனக் கருதப்பட்டது. அடுத்த நூற்றாண்டில்தான் நிலைமை மாறியது.

நிலமுடையோர் துப்பாக்கி

1671-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் இங்கிலாந்துச் சமூகத்தை இரண்டாகப் பிளந்தது. ஆண்டுக்கு நூறு பவுன் வருவாய் தரும் சொந்த நிலம் உடையோர், நூற்றைம்பது பவுன் பெறுமானமுள்ள நீண்டகாலக் குத்தகை உடையோர், உயர்குடியினரின் மரபுரிமையர் ஆகியோரே முயல், கவுதாரி முதலியவற்றை வேட்டையாடும் தகுதி பெற்றனர். பிறர் வேட்டைக்குரிய துப்பாக்கி, வில், வேட்டைநாய் ஆகியவற்றை வைத்திருத்தலே குற்றம். அவர்தம் வீடுகளைச் சோதனையிட்டுக் கருவிகளைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் பண்ணையாரின் வேட்டைக் காவலருக்கு அளிக்கப்பட்டது. உழவன் தன் வயலில் மேயும் முயலைத் தானே கொல்ல இயலாத நிலை உருவாயிற்று.

1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் சீர்திருத்தக் கிறித்தவர்க்குத் தற்காப்புக்காக ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏற்றது. ஆயினும், அவரவர் நிலைக்கேற்பவும் சட்டம் அனுமதிக்கும் அளவிலும் என்னும் வரையறையை அதனோடு சேர்த்தது. உரிமை என்ற சொல்லும் தகுதி என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நின்றன.

இச்சட்டங்களில் நரிக்கு ஒரு தனியிடம் உண்டு. அது வேட்டைக்குரிய உயர்விலங்காக எண்ணப்படவில்லை; தீங்குயிர் என்றே கருதப்பட்டது. அதனால் ஒரு விந்தை விளைந்தது. 1786-ஆம் ஆண்டில் கண்ட்ரி – ஃபெல்தம் வழக்கில், தீங்குயிராகிய நரியைத் துரத்திச் செல்வோர் பிறர் நிலத்தில் நுழைதல் குற்றமாகாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர்நன்மைக்காக வகுக்கப்பட்ட பழைய கருத்து, குதிரையேறிய செல்வரின் பொழுதுபோக்கிற்குக் காப்பாக அமைந்தது. 1809-ஆம் ஆண்டில் எசெக்ஸ் பிரபு, தம் உறவினரான பாதிரியார் கேப்பல்மீது வழக்குத் தொடர்ந்தபோது இக்காப்பு உடைந்தது. நரியை ஒழிப்பது நோக்கமன்று, இன்பமே நோக்கம் என நீதிமன்றம் கண்டது, அத்துமீறல் மெய்ப்பிக்கப்பட்டது. நரிவேட்டையின் உண்மையான பொருளை முதன்முதல் வெளிப்படையாகச் சொன்னது இத்தீர்ப்பு எனலாம்.

இதே காலத்தில் ஏழைகளின் நிலை கொடியது. பண்ணைக் காடுகளில் கம்பியை மிதித்தால் தானே வெடிக்கும் பொறித்துப்பாக்கிகள் மறைத்துவைக்கப்பட்டன. அவை திருடனையும் அறியா. சுள்ளி பொறுக்கவந்த சிறுவனையும் அறியா. 1827-ஆம் ஆண்டில்தான் அவை தடைசெய்யப்பட்டன. மறு ஆண்டின் இரவு வேட்டைச் சட்டமோ, மூன்றாம் முறை பிடிபட்டவரை ஏழாண்டு நாடு கடத்த வழிசெய்தது. 1831-ஆம் ஆண்டின் சட்டம் பழைய நிலத்தகுதியை நீக்கி, கட்டணம் செலுத்திச் சான்றிதழ் பெறுவோர் வேட்டையாடலாம் என்றது. நிலம் இருந்த இடத்தில் பணம் வந்து அமர்ந்தது.

சுடுதல் இழிவெனப்பட்ட காலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லெஸ்டர்ஷயரின் குவார்ன் பகுதியில் ஹியூகோ மெய்னெல் என்பார் விரைந்தோடும் வேட்டைநாய்களை வளர்த்தெடுத்தார். 1753 முதல் 1800 வரை அவர் நடத்திய வேட்டைக்குழு நரிவேட்டையின் இயல்பையே மாற்றியது. மெல்ல மோப்பம் பிடித்துச் செல்லும் பழைய முறை போய், திறந்த புல்வெளியில் வேலிகளைத் தாண்டிப் பாய்ந்தோடும் புதுமுறை வந்தது. நரி, ஒழிக்கப்பட வேண்டிய உயிர் என்ற நிலையிலிருந்து, காக்கப்பட வேண்டிய உயிர் என்ற நிலைக்கு உயர்ந்தது. துரத்துவதற்கு நரி வேண்டுமே! அதற்காக முட்புதர்கள் நட்டு வளர்க்கப்பட்டன. நரி குறைந்த இடங்களுக்கு ஐரோப்பாவிலிருந்து நரிகள் தருவிக்கப்பட்டன. இலண்டனின் லெடன்ஹால் சந்தையில் அவை விலைக்கு விற்கப்பட்டன. தலைக்குக் காசு கொடுத்த நாடு இப்போது உயிருள்ள நரிக்குக் காசு கொடுத்தது.

இந்நிலையில் நரியைத் துப்பாக்கியால் சுடுதல் பெரும்பழியாயிற்று. சட்டப்படி அது குற்றமன்று. எனினும், வேட்டைக்குழு இயங்கிய வட்டாரங்களில் நரியைச் சுட்டவன் விருந்துக்கு அழைக்கப்படான். குத்தகை புதுப்பிக்கப்படுமா என்று அஞ்சி வாழ்வான். நரிக்கொலை செய்தவன் என்று பொருள்படும் இலத்தீன வேர்ச்சொல்லால் ஆன ஒரு தனிப்பெயரே ஆங்கிலத்தில் அவனுக்கு வழங்கலாயிற்று. கோழிகளை இழந்த குடியானவர்க்கு வேட்டைக்குழுக்கள் கோழி நிதி என ஒன்று வைத்து இழப்பீடு தந்தன. அவன் துப்பாக்கியை எடுக்காதிருக்க வேண்டும் என்பதற்காகவே அப்பணம்.

புதின ஆசிரியர் அந்தோனி டிரோலப் தாமே நரிவேட்டையில் பேரார்வம் கொண்டவர். 1877-ஆம் ஆண்டில் நூலாக வந்த அவருடைய ‘அமெரிக்கச் செனட்டர்’ என்னும் புதினத்தில் இப்பழி ஒரு கதைக்கருவாகிறது. பிரபு வளர்க்கும் வேட்டைப்பறவைகள் தன் பயிரை அழித்தன என வழக்காடும் கோர்லி என்னும் சிறுகுடியானவன், நரிக்கு நஞ்சு வைத்தவனாக ஊராரால் வெறுக்கப்படுகிறான். வெளிநாட்டவராகிய செனட்டர் மட்டும் அவன் பக்கம் நின்று, பயிரை இழந்தவனுக்கு நீதி எங்கே என வினவுகிறார். டிரோலப் கோர்லியை நல்லவனாகப் படைக்கவில்லை. எனினும், வேட்டையை நேசித்த ஓர் எழுத்தாளர், தமக்கு எதிரான வினாவைத் தம் நூலுக்குள்ளேயே எழுப்ப இடங்கொடுத்தது போற்றத்தக்கது.

1870-ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமச் சட்டம் பத்து ஷில்லிங் ஆண்டுக் கட்டணத்தை விதித்தது. அது வருவாய்க்காக எழுந்த சட்டம். அஞ்சலகத்தில் பணம் செலுத்திய எவரும் உரிமம் பெறலாம். ஒரு விலக்கு இங்குக் கருதத்தக்கது. தன் நிலத்தில் பறவைகளை விரட்டவும் தீங்குயிர்களைக் கொல்லவும் மட்டுமே துப்பாக்கி ஏந்தும் உழவனுக்குக் கட்டணம் இல்லை. நரி கோழியைக் கவ்வும்போது ஓடிச்சென்று சுடும் கைக்கு அரசு குறுக்கே நிற்கவில்லை, ஊர்தான் நின்றது.

கடல் கடந்த அளவுகோல்

எட்டாண்டு கழித்து, அதே ஆட்சி இந்தியாவில் வேறோர் அளவுகோலை எடுத்தது. லிட்டன் பிரபு அரசப்பிரதிநிதியாக இருந்த 1878-ஆம் ஆண்டில் இந்திய ஆயுதச் சட்டம் நிறைவேறியது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியர் முதலியோர்க்கு விலக்கு உண்டு. இங்கிலாந்தில் பத்து ஷில்லிங் போதிய நம்பிக்கையாயிருந்தது. இங்கே பிறப்பே நம்பிக்கையின் அளவாயிற்று. இந்தியருள் குடகர் போன்ற சிலர்க்கே விலக்கு வாய்த்தது. குடகர்க்கான அவ்விலக்கு விடுதலைக்குப் பின்னரும் தொடர்ந்து, 2019-ஆம் ஆண்டில் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

இந்த வேற்றுமையின் வலியை நாடு உணர்ந்திருந்தது. 1887-ஆம் ஆண்டில் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாடு ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் இயற்றியது. 1930-ஆம் ஆண்டில் காந்தியடிகள் வைஸ்ராயின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள், தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் வழங்குதலும் ஒன்று. அறப்போரை வாழ்வாக்கிய அண்ணல் துப்பாக்கி உரிமத்தைக் கேட்டது முரண் போலத் தோன்றும். ஆயினும் அவர் கேட்டது ஆயுதத்தை அன்று. நம்பத்தகாதவர் என்ற முத்திரை நீங்குவதையே என்று கொள்ளுதல் தகும்.

நரிவேட்டையும் கப்பலேறி வந்தது. உதகை மலைவெளிகளில் ஆங்கிலேயர் வேட்டைநாய்களோடு குதிரையேறித் துரத்தினர். அங்கே அவர்தம் செந்நிற நரி இல்லை. ஓநாய்க்கும் நாய்க்கும் நெருங்கிய உறவான வேறோர் இனமே இருந்தது. தமிழில் நரி என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால் இம்மாற்றம் தமிழர் காதுக்குப் புலப்படுவதில்லை. ஆங்கிலேயரோ பெயர் வேறானாலும் பழக்கத்தை விடவில்லை. 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த வென்லாக் பிரபுவின் பெயரை இன்றும் அப்புல்வெளி தாங்கி நிற்கிறது. 1879-ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் மலையின் வேட்டையை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. வழிவழியாய் அம்மலையில் வாழ்ந்தவர் தம் காட்டில் அயலாராயினர்.

விடுதலைக்குப்பின் வந்த 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இனவேற்றுமைக்கு இடமளிக்கவில்லை. பயிர்க்காப்புக்கென வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க அது தனியே வகைசெய்தது. நரியின் பெயரையே தம் பெயரில் சுமக்கும் நரிக்குறவர் கையில் பன்னெடுங்காலம் இருந்ததும் அத்தகைய துப்பாக்கியே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அவர்தம் வேட்டைத்தொழில் படிப்படியாக ஒடுங்கியது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. துரத்திக் களித்தவர் வரலாற்றில் புல்வெளிக்குப் பெயராயினர். வயிற்றுக்காக வேட்டையாடியவர் பட்டியலில் இடம்பெறவே நெடுங்காலம் காத்திருந்தனர்.

காரணம் கேட்ட சட்டம்

முதல் உலகப்போர் முடிந்தபோது இங்கிலாந்தில் துப்பாக்கி பழகிய இளைஞர் பல்லாயிரவர் ஊர் திரும்பினர். ருசியப் புரட்சியின் அச்சமும் அயர்லாந்துக் கிளர்ச்சியும் ஆட்சியாளரின் உறக்கத்தைக் கெடுத்தன. இச்சூழலில் எழுந்ததே 1920-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம். ரைபிளும் கைத்துப்பாக்கியும் வேண்டுவோர் வட்டாரக் காவல்துறைத் தலைவரிடம் சான்றிதழ் பெற வேண்டும். அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். பணம் மட்டும் செலுத்திப் பெற்ற காலம் முடிந்தது. ரவை சிதறும் ஷாட்கன் மட்டும் இச்சட்டத்திற்கு வெளியே நின்றது. அது பண்ணைக் கருவி, உழவனின் மண்வெட்டி போன்றது என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

அவ்வெண்ணமும் நிலைக்கவில்லை. 1966-ஆம் ஆண்டில் இலண்டனில் காவலர் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதையடுத்த சட்டத்தால் 1968 முதல் ஷாட்கன்னுக்கும் சான்றிதழ் வேண்டும் என்றாயிற்று. 1987-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹங்கர்ஃபோர்டு என்னும் சிற்றூரில் ஒருவன் பதினாறு பேரைச் சுட்டுக்கொன்றான். மறு ஆண்டில், தானே குண்டேற்றிக்கொள்ளும் வலிய ரைபிள்கள் தடைசெய்யப்பட்டன. 1996-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் அவர்தம் ஆசிரியை ஒருவரும் கொல்லப்பட்டனர். 1997-ஆம் ஆண்டில் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் முற்றாக விலக்கப்பட்டன. இவ்விரு கொடுமைகளையும் செய்தவர்கள் உரிமம் பெற்றே ஆயுதம் வைத்திருந்தவர்கள். தாளில் எல்லாம் சரியாயிருந்தது. மனிதனைப் பற்றிய கணிப்பே தவறியது.

அத்தவறு மீண்டும் நேர்ந்தது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிளிமத் நகரில் ஐவர் உயிரிழந்தனர். கொன்றவனிடமிருந்து முன்னர் எடுத்துக்கொள்ளப்பட்ட ஷாட்கன்னும் சான்றிதழும் அவனிடமே திருப்பித் தரப்பட்டிருந்தன. அவ்வாண்டின் இறுதியில் அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி, விண்ணப்பதாரரின் உடல்நலம், மனநலம் பற்றி மருத்துவரிடமிருந்து தகவல் பெற்ற பின்னரே காவல்துறை சான்றிதழ் வழங்க வேண்டும்.

இன்று பிரிட்டனில் நரியைச் சுட ரைபிள் வேண்டும் உழவன் ஐந்தாண்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறான். அவனை அறிந்த இருவர் சான்று கூற வேண்டும். வீட்டில் துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு பார்வையிடப்படும். எந்தக் குழல் விட்டமுள்ள ரைபிள், எத்தனை தோட்டாக்கள் வாங்கலாம், எத்தனை வைத்திருக்கலாம் என்பன சான்றிதழில் எழுதப்படும். தொடக்கநிலையினர்க்குப் பெரும்பாலும் காவல்துறை ஏற்ற நிலங்களில் மட்டுமே சுடலாம் என்ற நிபந்தனை உண்டு. அதை மூடிய சான்றிதழ் என்பர். அனுபவம் முதிர்ந்தபின், இந்நிலம் தக்கதா எனத் தானே முடிவுசெய்யும் பொறுப்பு அவனுக்கு அளிக்கப்படும்; அது திறந்த சான்றிதழ். நம்பிக்கையைப் படிப்படியாக அளக்கும் இம்முறை பழைய நிலத்தகுதியைவிட நேர்மையானது. அங்கே ஒருவன் எவ்வளவு நிலம் உடையவன் எனக் கேட்டனர். இங்கே அந்த நிலத்தை எவ்வளவு அறிந்தவன் எனக் கேட்கின்றனர்.

குழலும் குண்டும்

காரணம் கேட்கும் சட்டம் கருவியையும் நுணுகி நோக்கும். ஷாட்கன் வழுவழுப்பான குழலிலிருந்து பல ரவைகளை ஒருங்கே சிதறுவது. பெரிய ரவை கொண்டு அருகில் சுட்டால் நரி உடனே வீழும். நாற்பது கெஜத்துக்கு அப்பால் ரவைகள் பரந்துவிடுவதால், நரி காயத்தோடு தப்பிப் புதரில் நாட்கணக்கில் துன்புற நேரலாம். ரைபிளின் குழலுள் சுருள்வரிப் பள்ளங்கள் உண்டு. அவை ஒற்றைக் குண்டைச் சுழலச்செய்து நெடுந்தொலைவு நேராகச் செலுத்தும்.

ரைபிள்களுள்ளும் வேறுபாடு மிகுதி. முயலுக்குரிய 0.22 அங்குலச் சிறுரைபிளின் ஈயக்குண்டு நாற்பது கிரெய்ன் எடையுடையது. நொடிக்கு ஏறத்தாழ 1,200 அடி விரைவில் செல்லும். மிக அருகிலன்றி நரிக்கு அது போதாது என்பதே பிரிட்டன் உள்துறையின் பொதுவான கருத்து. 0.223 ரெமிங்டன் என்னும் ரகத்தின் குண்டும் அகலத்தில் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் ஐம்பத்தைந்து கிரெய்ன் எடையோடு நொடிக்கு 3,200 அடி விரைவில் பாயும்போது அதன் ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்கு. 1950-ஆம் ஆண்டில் வந்த 0.222 ரெமிங்டன், அதற்கும் முந்திய 0.22 ஹார்னெட் ஆகியவையும் நரிக்கு ஏற்றவை. 1955-ஆம் ஆண்டில் அறிமுகமான 0.243 வின்செஸ்டர் மானுக்கும் நரிக்கும் பொதுவாய் உதவுவது; இங்கிலாந்தின் மான் சட்டம் பெரும்பாலான மான்களுக்குக் குறைந்தது 0.240 அங்குல விட்டம் வேண்டும் என்பதால், ஒரே ரைபிள் வைத்திருக்க விரும்புவோர் அதையே நாடுவர்.

ஆற்றல் மிக்க கருவியே ஆபத்து மிக்கது என எண்ணுதல் இயல்பு. உண்மை அத்துணை எளிதன்று. மெல்லச் செல்லும் சிறு ஈயக்குண்டு கல்லிலும் உறைந்த மண்ணிலும் பட்டுத் தெறித்து எதிர்பாராத திசையில் பறக்கும். குறிதவறினால் ஒரு மைலுக்கு மேலும் செல்லும். விரைந்து பாயும் நரிக்குண்டு மெல்லிய உறை கொண்டது. உடலுள் புகுந்தவுடன் விரிந்து உடைவதால் நரி நொடியில் மடியும், குண்டு மறுபுறம் வெளியேறுவதும் அரிது. ஆயினும் எக்குண்டாயினும் நரிக்குப் பின்னே மண்மேடு இருத்தல் வேண்டும். வானமே பின்புலமாக நிற்கும் நரியைச் சுடுதல் தகாது என்பது அங்குள்ளோர் முதலில் கற்கும் பாடம். இரவில் விளக்கொளியில் இரு கண்கள் மின்னும்போது, அவை நரியின் கண்களா, ஆட்டின் கண்களா, வேலிக்கு அப்பால் நிற்கும் நாயின் கண்களா என உறுதிசெய்த பின்னரே விரல் விசையைத் தொட வேண்டும். சுடாது விட்ட குண்டுக்கு எவரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னுமொரு துயரம் இங்கு உண்டு. பிரிட்டனில் நரிக்குச் சட்டம் வகுத்த விலக்குக்காலம் இல்லை. நரி குட்டி ஈனுவது மார்ச், ஏப்ரல் திங்கள்களில்; ஆடுகள் ஈனுவதும் அதே இளவேனிலில். குட்டிக்கு இரைதேடி வரும் தாய்நரியும், பிறந்த குட்டியைக் காக்க நிற்கும் இடையனும் ஒரே இரவில் ஒரே வயலில் எதிர்ப்படுகின்றனர். இருவர் பக்கமும் தாய்மையின் வழக்கு உண்டு. இவ்விடத்தில் சட்டம் பேசாதிருக்கிறது. சுடுவோன் மனச்சான்றே பேச வேண்டும்.

நாய் விலகத் துப்பாக்கி நின்றது

2000-ஆம் ஆண்டில் பர்ன்ஸ் பிரபு தலைமையிலான குழு நரிவேட்டையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. நாய்கள் துரத்திக் கொல்லும்போது நரியின் நலம் பெரிதும் கெடுகிறது என அக்குழு கண்டது. தக்க சூழலில், திறமையுடையோர் இரவு விளக்கோடு ரைபிளால் சுடுதல் அதனினும் குறைந்த துன்பம் தருவது என்றும் கருதியது. அம்முறை இயலாத வேல்சு மலைப்பகுதிகளில் நிலைமை வேறு என்பதையும் அது மறைக்கவில்லை.

ஸ்காட்லாந்து 2002-ஆம் ஆண்டில் நாய்வேட்டையைத் தடுத்துச் சட்டம் செய்தது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய 2004-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் 2005-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு விலக்கு வரலாற்றின் சுழற்சியைக் காட்டுவது. இரண்டுக்கு மேற்படாத நாய்களால் நரியைப் புதரிலிருந்து வெளிப்படுத்தலாம். ஆனால் வெளிப்பட்ட நரியைத் திறமையுடைய ஒருவர் இயன்ற விரைவில் சுட்டு வீழ்த்த ஏற்பாடு இருத்தல் வேண்டும். நூறாண்டுக்கு முன் எந்தச் செயல் ஒருவனை விருந்துக்கு ஆகாதவனாக்கியதோ, அச்செயலையே சட்டம் இப்போது நிபந்தனையாக்கியது. கோர்லி நஞ்சை விடுத்துத் துப்பாக்கியை ஏந்தியிருந்தால், இன்று அவனே சட்டத்தின் வழி நடப்பவன்.

எனினும் இதனை உழவனின் வெற்றி என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. சட்டம் துப்பாக்கியை ஏற்றது அது ஏந்துவோன் எளியவன் என்பதனாலன்று. நரி படும் துன்பம் குறைவு என்பதனால். நானூறு ஆண்டுகளாக மனிதர் தமக்குள் வழக்காடிய மன்றத்தில், முதன்முறையாக நரியும் ஒரு தரப்பாக ஏற்கப்பட்டது.

நிறைவாக

தலைக்குப் பன்னிரண்டு பென்சு தந்த காலம் நரியை மட்டும் கண்டது. நிலத்தை அளந்த காலம் மனிதனின் செல்வத்தைக் கண்டது. இனத்தை அளந்த ஆட்சி ஒரு பெருநாட்டையே நம்பத்தகாததாகக் கண்டது. காரணம் கேட்கும் காலம், ஹங்கர்ஃபோர்டிலும் டன்பிளேனிலும் பிளிமத்திலும் தன் பார்வை தவறிய இடங்களைக் கண்டு, இன்னும் நெருங்கி நோக்கக் கற்றுவருகிறது.

உரிமத்தை எளியோரை ஒதுக்கும் கருவியாகவும் ஆக்கலாம், குழந்தைகளைக் காக்கும் அரணாகவும் ஆக்கலாம் என்பதை இவ்வரலாறு காட்டும். 1671-ஆம் ஆண்டில் உழவன் வீட்டுக் கதவைத் தட்டியவன் பண்ணையாரின் ஆள். இன்று தட்டுபவர் அவன் துப்பாக்கி பூட்டப்பட்டுள்ளதா, அவன் மனம் அமைதியாயுள்ளதா என வினவும் ஊர்க்காவல் அலுவலர். தட்டும் ஓசை ஒன்றாயினும், உள்ளே வருவோர் கேட்கும் கேள்வி வேறு. எந்த நாட்டிலும், எந்த உரிமத்தாளைக் கையில் எடுத்தாலும், அது எந்தக் கேள்விக்கு விடையாக எழுதப்பட்டது என்று நோக்குதல் அந்நாட்டு வரலாற்றைப் படிக்கும் ஒரு வழியாகும்.